பெறப்பட்டது

ஜூன் முதல் வாரம்.
சுப்பீரியர் ஏரியிலிருந்து ஏறிவந்த பனிமூட்டம்
கோர்ட் கட்டடத்தின் கொடிக்கம்பத்தைப்
பாதிவரை தின்றிருந்தது.
கீழ்த்தளத்தில், பழைய வாக்குப்பெட்டிகளுக்கு நடுவே,
எனக்கு ஒரு மேஜை, ஒரு ரப்பர் முத்திரை,
கடை திறக்க ஊர் எழுதித்தந்த
உறுதிமொழிப் படிவங்கள் முந்நூற்றுப் பதினொன்று.

முத்திரையில் ஒரே சொல்: பெறப்பட்டது.
ஏற்கப்பட்டது என்றில்லை.
நேரில் வந்து பார்த்தோம் என்றில்லை.
ஊர் சொல்லும், கவுன்டி கேட்டுக்கொள்ளும்,
அவ்வளவுதான் ஏற்பாடு.

பதினாலு கேள்விக்கும் எல்லோரும் ஆம்.
மழை விட்ட ராத்திரித் தவளைகள்போல
ஆம், ஆம், ஆம்.
நான் படித்தது பதினைந்தாவதை.
'வேறு நடவடிக்கைகள் இருப்பின் குறிப்பிடுக'
என்ற நாலு விரல் அகலக் கட்டத்தை.

தூண்டில் கடை ரெய்னோ ஹல்வாரி எழுதியிருந்தார்:
'ஒரு சமயம் ஒரே ஆள்.
புழுக்களுக்கும் இந்த விதி உண்டா?
டப்பாவுக்கு ஐம்பது இருக்கின்றன.'

முடி திருத்தும் டாக்னி:
'மூன்றில் நடு நாற்காலியைக் கழற்றிவிட்டேன்.
தரையில் நாலு போல்ட் ஓட்டை.
யாரும் தடுக்கி விழாதிருக்க
மேலே ஒரு செடித் தொட்டி.
அதற்கும் முகக்கவசம் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.'

பவுலிங் கூடத்தில் பந்தைத் துடைக்கிறார்களாம்,
மூன்று விரல் ஓட்டைக்குள்ளும்.

ஈமச்சடங்கு நிலையத்தார், சாய்ந்த அழகான கையெழுத்தில்:
'ஆறடி எங்களுக்குப் புதிதல்ல.
ஆனால் பத்துப் பேர்தான் என்றால்
பதினோராவது பிள்ளையை
எந்த வாசலில் நிறுத்துவது?
பதில் அனுப்பவும்.'

பதிலுக்கு என்னிடம் முத்திரை இல்லை.
இருந்ததைக் குத்தினேன். மை காய்ந்துபோய்
'பட்டது' மட்டும் விழுந்தது.
அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

இரும்புக்கடை ஆர்னேவை மட்டும் சந்தேகப்பட்டேன்.
'வர ஒரு வழி, போக ஒரு வழி' என்பதற்கு அவரும் ஆம்.
அந்தக் கடைக்குப் பின்வாசலே கிடையாது.
பொய் எழுதினால் தண்டனை என்று
படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது.
சனிக்கிழமை ஆணி வாங்கப் போனேன்.
காசை வாங்கிக்கொண்டு ஜன்னலைக் காட்டினார்.
வெளியே ஏணி சாய்த்திருந்தது.
இறங்கினேன், பாவாடையைப் பிடித்துக்கொண்டு.

பிறகு அந்தப் படிவம்.
சல்கா பெதெர்னெல், ரொட்டிக்கடை.
பதினாலுக்கும் ஆம். பணியாளர்: இல்லை.
வாடிக்கையாளர்: இல்லை.
திறக்கும் தேதி இருந்த இடத்தில் ஒரு கோடு.
கட்டத்துக்குள் இடம் போதாமல்
ஓரத்தில் திரும்பி ஏறியிருந்தன எழுத்துகள்:
'நான் திறக்கப்போவதில்லை. அடுப்பை விற்றாயிற்று.
ஆனாலும் ஜன்னலில் ஒட்டும் அந்தப் பச்சைத் தாள் வேண்டும்.
முப்பத்தொரு வருஷத்தில் ஆய்வாளர் ஒருவரும்
என் கடையில் குறை எழுதியதில்லை.
அழுக்கால் மூடினாள் என்று
யாரும் சொல்லிவிடக் கூடாது.'

மேலதிகாரி மெர்லுக்குப் போன் போட்டேன்.
'இல்லாத கடைக்குச் சான்றா?' என்றார்,
பின்னால் அவர் வீட்டு நாய் குரைத்தது.
வைத்துவிட்டு
கேள்விகளை ஒன்றிலிருந்து மறுபடி படித்தேன்.
கூட்டம் தவிர்க்கப்படுகிறதா. ஆம்.
இடைவெளி. ஆம்.
கைபடும் இடங்கள் யாவும் சுத்தமா. ஆம்.
முந்நூற்றுப் பதினொன்றில்
ஒரு விதிகூட மீறாத கடை
இது ஒன்றுதான்.

புது மையில் முத்திரையை அழுத்தி
முழுச் சொல்லும் விழுகிறதா என்று பார்த்தேன்.

சாயங்காலம் தபால் துளை வழியே தாளைத் தள்ளினேன்.
அவள் உள்ளே, நான் நடைபாதையில்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
காலித் தட்டு அலமாரிகள்,
அடுப்பு இருந்த இடத்தில்
வெளிறிய சதுரமாய்ச் சுவர்.
கோணலாக வைத்தாள்.
இன்னும் இடது, சற்றுக் கீழே என்று
கை காட்டினேன்.
டேப்பைக் கிழிக்கப் பல்லுக்குக் கொண்டுபோனவள்
வாய் மூடியிருப்பது நினைவு வந்து
கத்திரி தேடப் போனாள்.